சைவ உணவும் இரும்புச் சத்தும்

முன்னுரை

இரும்பு என்றதும் நம் நினைவுக்கு வருவன ஏர்க்கொழு, அரிவாள், தண்டவாளம், ஆணி போன்றவையே. ஆனால் நம் உடம்பிலும் இரும்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் பிரித்தெடுத்தால் மூன்று அல்லது நான்கு கிராம்தான் தேறும். ஒரு சிறிய ஆணி செய்யலாம், அவ்வளவுதான். அந்த ஆணியளவு இரும்பில் ஒரு பகுதி குறைந்தாலும் படிப்பில் மனம் செல்லாது, படியேற மூச்சு வாங்கும், முகம் வெளிறிப் போகும்.

நம் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதை அனைவரும் அறிவோம். அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. பூமியில் உள்ள இரும்பு யாவும் நெடுங்காலத்துக்கு முன் விண்மீன்களில் உருவானதே என்று வானியல் அறிஞர் கூறுகின்றனர். அத்தனை தொலைவு கடந்து வந்த இரும்பு நம் மண்ணில் கலந்து, கேழ்வரகிலும் கீரையிலும் ஏறி, நம் தட்டுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் தட்டிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் கடைசி ஒரு முழத் தூரத்தில்தான் அதன் பெரும்பகுதி வீணாகிறது. அது ஏன், அதைத் தடுக்க நாம் என்ன செய்யலாம் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைவ உணவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் தோழியருள் சிலர் பிறப்பிலிருந்தே சைவ உணவு உண்பவர்கள். மற்றவர் வீடுகளிலும் கறிக்குழம்பு ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாளிலும்தான். தவக்காலம் வந்துவிட்டால் பல குடும்பங்களில் நாற்பது நாளும் அதுவும் இல்லை. ஆக, எண்ணிப் பார்த்தால் வாரத்தில் ஆறு நாள் நாம் எல்லாரும் சைவர்களே!

இரும்பு செய்யும் வேலை

நம் இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்னும் பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு மூளைக்கும் தசைக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். ஹீமோகுளோபின் குறைந்தால் உடல் முழுவதும் பிராணவாயுப் பஞ்சம் ஏற்படும். இதுவே இரத்த சோகை. சித்த மருத்துவத்தில் இதனைப் பாண்டு என்பர்.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அது அழிந்தாலும் அதிலிருந்த இரும்பை உடல் வீணாக்குவதில்லை. சிக்கனமான இல்லத்தரசி போல எடுத்து வைத்து மறுபடியும் பயன்படுத்துகிறது. ஆனால் பெண்களாகிய நமக்கு மாதந்தோறும் இரத்த இழப்பு உண்டு. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் அரை மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 30 முதல் 40 மில்லி லிட்டர் இழந்தால் 15 முதல் 20 மி.கி. இரும்பு போய்விடுகிறது. அதே வயதில் உயரமும் எடையும் கூடுவதால் புது இரத்தமும் ஊற வேண்டும். வரவு குறைவு, செலவு மிகுதி. இந்த வயதில் பெண் பிள்ளைகள் வெளிறிப் போவதன் கணக்கு இதுதான்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை இருந்தது. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கே இருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இருந்தது. அதாவது, ஒரு பெஞ்சில் நான்கு பேர் அமர்ந்திருந்தால் அவர்களில் இருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும்.

நோயின் அறிகுறிகள்

கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஐயுற வேண்டும். நகம் வெளிறிக் குழிந்திருத்தல், எப்போதும் அசதி, தலைச்சுற்றல், மேடேறினால் நெஞ்சு படபடத்தல், படித்தது மனத்தில் நில்லாமை ஆகியவையும் அறிகுறிகளே. பலப்பம், சாக்பீஸ், பச்சரிசி, செம்மண் இவற்றைத் தின்ன வேண்டும் என்ற ஆசையும் இரும்புக் குறைவால் வருவதுண்டு. அப்படித் தின்னும் சிறுமியைப் பார்த்து நகைப்பதும் அடிப்பதும் முறையன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

ஆனால் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அளவைச் சொல்லிவிடுவார்கள். நம் வயதுப் பெண்ணுக்கு ஒரு டெசி லிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழ் இறங்கினால் அது கடுமையான சோகை. அந்நிலையில் உணவை மட்டும் நம்பியிராமல் உடனே சிகிச்சை பெற வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? எதில் எவ்வளவு உள்ளது?

உணவைப் பற்றி நாம் அறியும் செய்திகளுக்குத் தமிழ்நாட்டு மலையொன்றோடு தொடர்பு உண்டு. 1918ஆம் ஆண்டு நீலகிரி மலையில் குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பட்டது. அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. இரும்பு உணவில் இருக்க வேண்டும். அதே வயதுப் பையனுக்கு 22 மி.கி. போதும். தம்பிக்கும் அண்ணனுக்கும் வேண்டியதைவிட நமக்கு அதிகம் வேண்டும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலை ஒட்டி, நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள்களில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ எத்தனை மி.கி. இரும்பு உள்ளது என்பதைக் கீழே தருகிறோம்.

எள் – 14
கொள்ளு – 8.8
கொண்டைக்கடலை – 6.8
கம்பு – 6.4
காராமணி – 5
பச்சைப்பயறு – 4.9
கேழ்வரகு – 4.6
முருங்கைக்கீரை – 4.6
முளைக்கீரை – 4.6
வெல்லம் – 4.6
துவரம்பருப்பு – 3.9
நிலக்கடலை – 3.4
சாமை – 1.3
தீட்டிய அரிசி – 0.7

இப்பட்டியலில் நாம் அறிய வேண்டியவை பல. முதலாவது, நாம் மூன்று வேளையும் உண்ணும் அரிசி கடைசியில் நிற்கிறது. நாள் முழுவதும் 400 கிராம் அரிசியும் 40 கிராம் பருப்பும் உண்டால் கிடைப்பது நாலரை மி.கி. அளவுதான். அதோடு சிறிது காய்கறி சேர்த்தாலும் தேவையில் பாதியைத் தொடுவது கடினம். வயிறு நிறைந்திருக்கும், இரத்தம் நிறைந்திராது.

இரண்டாவது, நம் ஜவ்வாது மலையில் விளையும் சாமை அரிசியைவிட இரு மடங்கு சிறந்தது. ஆயினும் கம்பையும் கேழ்வரகையும் எட்டாது. ஆதலால் சாமைச் சோற்றோடு கொள்ளுக் கடைசலோ காராமணிக் குழம்போ சேர்த்து உண்பது நன்று. மலைவாழ் மக்கள் தானியத்தோடு அவரை, மொச்சை, கொள்ளு இவற்றையும் பயிரிட்டு உண்டு வந்ததில் எத்தனை அறிவு இருக்கிறது!

மூன்றாவது, கொள்ளு 'குதிரைக்குத்தான்' என்று இகழப்படுகிறது. ஆனால் தானியம் பருப்பு வகைகளில் மேற்கண்ட பட்டியலில் முதலிடம் அதற்கே.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று பலர் நம்புகின்றனர். அச்சிவப்பு வெறும் சாயமே. இரண்டிலும் நூறு கிராமுக்கு ஒரு மி.கி. இரும்புகூட இல்லை. அவை நல்ல உணவுதான். ஆனால் சோகையைத் தீர்க்க மாதுளை வாங்கும் காசுக்கு ஒரு படி கொள்ளு வாங்கினால் வீடே பயன் பெறும்.

தட்டு வேறு, இரத்தம் வேறு

இனி இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். உணவில் உள்ள இரும்பு இரு வகை. இறைச்சி, மீன் இவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதில் குடலில் உறிஞ்சப்படும். தானியம், பருப்பு, கீரை இவற்றில் உள்ளது எளிதில் உறிஞ்சப்படாது. நம் நாட்டுச் சைவ உணவில் உள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கே உடலில் சேர்வதாகக் கணக்கிட்டுள்ளனர். 30 மி.கி. உண்டால் சேர்வது இரண்டரை மி.கி.கூட இல்லை!

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இவ்வகை இரும்பு உடன் உண்ணும் பொருளைப் பொறுத்து மிகுதியாகவும் சேரும், குறைவாகவும் சேரும். அதற்கு நண்பரும் உண்டு, பகைவரும் உண்டு. நண்பரை அருகில் அமர்த்திப் பகைவரைத் தள்ளி வைத்தால், அதே உணவில், அதிகச் செலவின்றி, இரு மடங்கு இரும்பு பெறலாம்.

முதல் நண்பன் வைட்டமின் சி. அது இரும்பைக் கரையும் நிலையில் வைத்துக் குடல் எளிதில் ஏற்கச் செய்கிறது. மேற்கூறிய ஐதராபாத் நிறுவனத்து அறிஞர்கள் வளரிளம் பருவத்தினருக்குச் சோற்றுணவோடு நூறு கிராம் கொய்யாப்பழம் கொடுத்து ஆராய்ந்தனர். 2013இல் வெளியான அந்த ஆய்வில், கொய்யா இல்லாத உணவைவிடக் கொய்யாவோடு உண்ட உணவிலிருந்து இரு மடங்குக்கு மேல் இரும்பு சேர்ந்தது தெரிந்தது. கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மி.கி.க்கு மேலும், பெரிய நெல்லிக்காயில் சுமார் 250 மி.கி.யும் வைட்டமின் சி இருக்கிறது. எலுமிச்சஞ் சாற்றிலும் உண்டு. நம் மலைப் பகுதியில் நெல்லிக்கும் கொய்யாவுக்கும் குறைவில்லை. ஆனால் அவற்றை நாம் மாலையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு வெறும் வயிற்றில் தின்கிறோம். அதையே பகல் உணவு முடிந்தவுடன் தின்றால் பயன் பெரிது.

வைட்டமின் சி வெப்பத்தில் அழியும். ஆகவே எலுமிச்சம்பழத்தைச் சட்டி அடுப்பில் இருக்கும்போது பிழியாமல், இறக்கி வைத்த பின் பிழிய வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் தானியம், பருப்பு இவற்றின் இரும்பை எளிதில் கிடைக்கச் செய்வதாக மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டனர். சுண்டலில் வெங்காயம் நறுக்கிப் போடுவது மணத்துக்கு மட்டுமன்று.

பகைவருள் முதல்வன் தேநீர். 1975ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்தியப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரொட்டியோடு தண்ணீருக்குப் பதிலாகத் தேநீர் பருகியபோது உடலில் சேர்ந்த இரும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சோற்றுணவோடு பருகியபோது நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. காப்பியும் இவ்வாறே செய்யும். சற்றுக் குறைவாகச் செய்யும். தேநீரையே விட்டுவிடச் சொல்லவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பருகினால் போதும்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரைக்காக ஒரு வாரம் உண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். ஏடுகளைச் சேர்த்துப் படித்தபோது இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஏறக்குறைய எல்லா ஏட்டிலும் காலைச் சிற்றுண்டியோடு டீயோ காப்பியோ இருந்தது. கீரை என்ற சொல்லோ பல ஏடுகளில் வாரத்தில் ஒரு முறை அல்லது இரு முறைதான் வந்திருந்தது. இத்தனைக்கும் எங்களில் பலர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது!

பாட்டி கற்றுத் தந்த விஞ்ஞானம்

தானியத்திலும் பருப்பிலும் பைட்டேட் என்ற பொருள் உண்டு. அதுவும் இரும்பைக் கட்டிப் போடும். ஆனால் ஊற வைத்தாலும், முளை கட்டினாலும், புளிக்க வைத்தாலும் அதன் வலிமை குறைகிறது. முதல் நாள் மாலையில் கரைத்துப் புளிக்க வைத்து மறுநாள் காய்ச்சும் கேழ்வரகுக் கூழும், அரைத்து இரவெல்லாம் பொங்க வைக்கும் இட்லி மாவும், துணியில் கட்டி முளைக்க விட்ட பச்சைப்பயறும் இக்காரணத்தால் சிறந்தவை. நம் பாட்டிமார் பைட்டேட்டைப் பற்றிப் படித்தவர்கள் அல்லர். எனினும் அதை வெல்லும் வழியைக் கையில் வைத்திருந்தார்கள். முளை கட்டிய பயறில் வைட்டமின் சியும் புதிதாக உண்டாகிறது.

மற்றொன்று இரும்புச் சட்டி. இரும்பு வாணலியில் புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் செய்தால், புளிப்பினால் சட்டியின் இரும்பு சிறிதளவு உணவில் இறங்கும். எத்தியோப்பியா நாட்டில் சில குழந்தைகளுக்கு இரும்புப் பானையிலும் சிலருக்கு அலுமினியப் பானையிலும் ஓராண்டு சமைத்துக் கொடுத்தனர். 1999இல் வெளியான அந்த ஆய்வில், இரும்புப் பானை உணவை உண்டவர்களுக்கே ஹீமோகுளோபின் கூடுதலாக உயர்ந்திருந்தது. பரணில் கிடக்கும் பழைய இரும்புச் சட்டியைத் தேய்த்து எடுத்தால் அதுவே ஒரு மருந்து. சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் குழம்பு கறுக்காது.

ஒரு நாள் உணவு

30 மி.கி. என்பது சைவ உணவில் எட்ட முடியாத அளவன்று. பின்வருமாறு ஒரு நாளுக்குத் திட்டமிடலாம்.

காலை: 100 கிராம் கேழ்வரகு மாவில் ஒரு பெரிய கைப்பிடி (50 கிராம்) முருங்கைக்கீரை சேர்த்த அடை, தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல். இரும்பு 6.9 மி.கி.

பகல்: 150 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் துவரம்பருப்புச் சாம்பார், 100 கிராம் முளைக்கீரைக் கடைசல், உண்டவுடன் ஒரு கொய்யாப்பழம். இரும்பு 7.2 மி.கி.

மாலை: 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தது, ஓர் எள்ளுருண்டை. இரும்பு 6 மி.கி.

இரவு: 100 கிராம் கம்பில் தோசை, 30 கிராம் கொள்ளில் துவையல், வெங்காயம் சேர்த்து. இரும்பு 9 மி.கி.

மொத்தம் 29.1 மி.கி. இதில் விலை உயர்ந்த பொருள் ஒன்றும் இல்லை. டானிக் புட்டியும் இல்லை. டீ வேண்டுவோர் மாலையில் பள்ளி விட்டு வந்தவுடன் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சுண்டல் உண்ணலாம்.

நீல மாத்திரையின் கதை

நம் நாட்டில் இரத்த சோகைத் தடுப்புத் திட்டம் 1970இலேயே தொடங்கியது. 2018இல் 'அனீமியா முக்த் பாரத்' என்ற திட்டத்தின் கீழ் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை என வகுக்கப்பட்டது. அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோ கிராம் போலிக் அமிலமும் உண்டு.

அந்தப் போலிக் அமிலத்தின் கதையிலும் தமிழ்நாடு வருகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழை ஆலைத் தொழிலாளிப் பெண்களைத் தாக்கிய ஒரு வகைச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை என வழங்கும் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரம் அந்நோயைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து பின்னர் 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. ஏழைப் பெண்களின் உணவுத் தட்டைக் கூர்ந்து நோக்கிய ஒரு பெண்ணின் உழைப்பு இன்று உலகெங்கும் தாய்மாரைக் காக்கிறது.

இம்மாத்திரையைச் சிலர் வாங்கிச் சன்னல் வழியே எறிந்துவிடுகின்றனர். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். மலம் கறுப்பது இயல்பே, அஞ்ச வேண்டுவதில்லை. வெறும் வயிற்றில் உண்ணாமல், உணவுக்குப் பின் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். டீயோடு விழுங்கினால் பயன் போய்விடும். மருத்துவர் சொல்லாமல் அளவைக் கூட்டுவதும் கூடாது. இம்மாத்திரைகளைச் சிறு குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அளவு மீறினால் அவர்களுக்கு நஞ்சாகும்.

வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் நாம் ஊட்டும் இரும்பெல்லாம் புழுவுக்கே போகும். அது வெறுங்காலில் மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறும். ஆகவே செருப்பணிவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும், பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை மென்று விழுங்குவதும் இரும்புப் பாடத்தின் ஒரு பகுதியே.

முழுச் சைவர்கள் மற்றொன்றையும் மறக்கலாகாது. இரத்தம் ஊற வைட்டமின் பி12 வேண்டும். அது செடிகொடிகளில் இல்லை. பால், தயிர், மோர் இவற்றில் உண்டு. நாள்தோறும் ஒரு தம்ளர் மோராவது குடிப்பது நல்லது.

நோன்பும் உடல்நலமும்

தவக்காலத்தில் நம் தோழியர் சிலர் காலை உணவையே விட்டுவிடுகின்றனர். அவர்கள் பக்தியைப் போற்றுகிறோம். ஆனால் திருச்சபைச் சட்டம் இறைச்சி தவிர்க்கும் கடமையைப் பதினான்கு வயது நிறைந்தவர்க்கும், உணவைக் குறைக்கும் நோன்புக் கடமையைப் பதினெட்டு வயது நிறைந்தவர்க்குமே விதித்திருக்கிறது. வளரும் பிள்ளைகளின் உடலைத் திருச்சபையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. தவக்காலத்தில் கறியை விட்டால் அந்த இடத்தைக் கொள்ளும் கீரையும் நிரப்பட்டும். வெறும் ரசச் சோறு நிரப்ப வேண்டாம். மிட்டாயை விடலாம், சினிமாவை விடலாம், உணவோடு குடிக்கும் டீயையும் விடலாம். அது தவமும் ஆகும், மருந்தும் ஆகும்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோரே! நம் வீடுகளில் அப்பாவும் அண்ணன் தம்பியும் முதலில் உண்பர். அடுத்துப் பெண் பிள்ளைகள். அம்மா கடைசி. அப்போது குழம்பில் காய் இராது. கீரைச் சட்டியில் வழித்தால் ஒரு கரண்டி வரும். மோரை ஊற்றிப் பிசைந்து உண்டுவிட்டுப் 'போதும்' என்பார் அம்மா. அவருக்கும் நமக்கும்தான் வீட்டிலேயே அதிக இரும்பு தேவை என்பதை மேலே கண்டோம். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டால், அல்லது கீரையை முதலிலேயே பங்கிட்டு வைத்தால், அம்மாவின் பங்கு அம்மாவுக்குக் கிடைக்கும்.

இன்று சோகையோடு இருக்கும் மாணவி நாளை தாயாகும்போது அச்சோகை அவளோடு செல்கிறது. பிரசவத்தில் சிறிது இரத்தம் இழந்தாலும் அவள் உயிருக்கு ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். ஆகவே இந்த வயதில் பெண்ணுக்கு இடும் ஒரு பிடி கீரை இரண்டு உயிர்களுக்கு இடும் உணவாகும். நகை சேர்ப்பதற்கு முன் அவள் உடலில் இரும்பு சேரட்டும்.

முடிவுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். படிப்பும் பாட்டும் விளையாட்டும் சித்திரங்கள், உடல் சுவர். சைவ உணவு உண்பதனால் எவரும் சோகைக்கு ஆளாக வேண்டுவதில்லை. அரிசியைச் சற்றுக் குறைத்துக் கம்பும் கேழ்வரகும் பயறும் கூட்டுவோம். உணவோடு கொய்யாவையோ நெல்லியையோ எலுமிச்சையையோ சேர்ப்போம். டீயைத் தள்ளி வைப்போம். வார மாத்திரையை விழுங்குவோம்.

நம் பள்ளித் தோட்டத்தில் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும் ஒரு நெல்லியும் நட இடம் தருமாறு மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு ஏற்கும். முருங்கைக் கிளை ஓராண்டில் கீரை தரும். கொய்யாவும் நெல்லியும் காய்க்கும்போது நாங்கள் இப்பள்ளியை விட்டுப் போயிருப்போம். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் தங்கையர் பறித்து உண்ணட்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி, ஆலங்காயம்